எட்டாம் எண்ணுக்கு ஒரு பிழை

ரைன் லீக்குக்கு ஐந்து வருடம் நிறைந்துவிட்டதாம். அதற்காக வழவழப்பான தாளில் ஒரு சிறு புத்தகம் போட்டு, பழைய ஆட்கள் எல்லோருக்கும் பிப்ரவரியில் தபாலில் அனுப்பினார்கள். எனக்கும் வந்தது. ஸ்கோரர் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிட்டவர்கள், முகவரிப் பட்டியலிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஆறு ஊர், ஆறு பேஸ்பால் அணி, ஆடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம். அதுதான் இந்த லீக். முதல் வருடம் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஆடினார்கள். இரண்டாம் வருடமும் அப்படியே போயிருந்தால் கடையைக் கட்டியிருப்பார்கள். அந்த இரண்டாவது சீசனின் கடைசி ஆட்டம்தான் லீக்கைக் காப்பாற்றியது என்று புத்தகத்தின் பதினான்காம் பக்கம் சொல்கிறது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் ஒரு வரி: “முழு சீசனும் ஒரே ஒரு பிழையில் முடிவானது. ஈ-8, பிருந்தன்.”

ஈ என்றால் நமக்கு இட்லி மாவில் மொய்க்கிற ஈ. அவர்களுக்கு எரர், பிழை. எட்டு என்பது மைதானத்தின் நடுவில், வெகு பின்னால் நிற்கும் ஆட்டக்காரருக்கான எண். புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினேன். வேறு தமிழ்ப் பெயர் இல்லை. இருக்கிற ஒரே பெயருக்குப் பக்கத்தில் ஒரு பிழை.

அந்தப் பிழையை எழுதியவள் நான். அப்படி ஒரு பிழை நடக்கவே இல்லை.

என் பெயர் வைதேகி. பான் நகரத்தில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுவது என் வேலை. அதற்கு முன்னால் சென்னையில் பதினைந்து வருடம் கிரிக்கெட் ஸ்கோர் எழுதியிருக்கிறேன். பெண் ஒருத்தி நோட்டோடு உட்கார்ந்திருந்தால் “டீ இன்னும் வரலையாம்மா?” என்று கேட்கிற நடுவர்கள் இருந்த காலம். எனக்கு மூக்கு மேல் கோபம். அவர்களுக்கு டீ வந்ததில்லை. ஆனால் என் புத்தகத்தில் ஒரு ரன் கூட இடம் மாறி விழுந்ததும் இல்லை. இங்கே வந்து பேஸ்பாலைப் பார்த்தபோது, இதென்ன, மட்டையை உருட்டுக்கட்டையாக்கிய கிரிக்கெட்தானே என்று ஓர் அலட்சியம். ஜெர்மன் மொழியில் பரீட்சை எழுதி, பான் அணிக்கு ஸ்கோரர் ஆனேன். ஓடக்காரர்கள் என்று பொருள்படும் பெயர் கொண்ட அணி. நானும் அவர்களை ஓடக்காரர்கள் என்றே சொல்வேன்.

பேஸ்பாலில் ஸ்கோரருக்கு ஒரு பெரிய அதிகாரம் உண்டு. ஒரு ரன் யாருடைய குற்றத்தால் போனது என்று தீர்ப்பு எழுதுவது நாங்கள்தான். பந்து எறிகிற பிட்சர் சரியில்லாமல் போன ரன் என்றால் அது பிட்சர் கணக்கில் ஏறும். பந்தைத் தடுக்கிறவர் கைநழுவ விட்டதால் போனது என்றால் அவர் பெயரில் பிழை என்று குறிப்போம், பிட்சர் தப்பித்துக்கொள்வார். இதில் ஒரு விசித்திரமான விதி. கை தவறினால்தான் பிழை. புத்தி தவறினால் பிழை இல்லை. ஒருவர் மறந்துபோய், அசட்டுத்தனமாக எதையாவது செய்து ரன் போய்விட்டால், அதை அவர் பெயரில் எழுதக்கூடாது. அந்த ரன் பிட்சர் தலையில்தான் விடியும்.

பிருந்தன் எங்கள் எட்டாம் எண். அப்போது அவனுக்கு இருபத்தைந்து வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பெற்றோருக்கு டுசல்டோர்ஃபில் பிறந்து, அங்கே தமிழர்களின் கிரிக்கெட் கழகத்தில் ஆடி வளர்ந்தவன். ஆகாயத்தில் போகிற பந்து எதுவானாலும் அவன் கைக்குத்தான் வந்து சேரும். அந்த சீசன் முழுக்க அவன் பெயரில் ஒரு பிழை கூட நான் எழுதவில்லை; லீக்கில் வேறு யாருக்கும் அந்தப் பெருமை இல்லை. அவன் அம்மா கலாதேவி அக்கா ஒவ்வொரு ஆட்டத்துக்கும் டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலேறி வந்து, என் மேசைக்குப் பின்வரிசையில் உட்கார்வார். யாழ்ப்பாணத் தமிழில் பான் என்றால் ரொட்டி. “பானிலை இருந்துகொண்டு பானுக்கு வரிசையிலை நிக்கிறியளே” என்று நான் பேக்கரியிலிருந்து வரும்போதெல்லாம் கேலி செய்வார்.

பிட்சர் பெயர் ரஃபாயெல். டொமினிக்கன் குடியரசுக்காரர், முப்பத்து நான்கு வயது. அவர் வீட்டு மாடி அறையில்தான் பிருந்தன் வாடகைக்கு இருந்தான். ரஃபாயெலின் மகள் அந்த ஆகஸ்டில்தான் முதல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். முதல் நாள் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இங்கே இனிப்பு நிறைத்த பெரிய காகிதக் கூம்பு ஒன்று கொடுப்பார்கள். பிள்ளை உயரத்துக்கு இருந்த அந்தக் கூம்பைப் பள்ளி வாசல்வரை சுமந்து போனவன் பிருந்தன்.

ரஃபாயெலின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகையே அதைப் போட்டிருந்ததால் எல்லோருக்கும் தெரியும். அவர் கணக்கில் ஏறும் ரன்களின் சராசரி சீசன் முடிவில் 2.50க்குள் இருந்தால், ஒப்பந்தம் தானாகவே இரண்டு வருடம் நீளும். தாண்டினால் முடிந்தது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் விசா இல்லை. விசா இல்லாவிட்டால் குடும்பத்தோடு விமானம் ஏற வேண்டியதுதான்.

கடைசி ஆட்டம் செப்டம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம், எங்கள் மைதானத்தில், டுசல்டோர்ஃப் அணியோடு. ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை. அந்த வருடம் முதல் தடவையாக எல்லா இருக்கையும் நிரம்பி, வேலியோரமும் ஆட்கள் நின்றார்கள். எட்டு இன்னிங்ஸ் முடிந்தும் இரண்டு பக்கமும் பூஜ்யம். ஒன்பதாவதுதான் கடைசி. டுசல்டோர்ஃப் ஆட்டக்காரர் ஒருவர் மூன்றாவது பேஸில் நின்றார். அங்கிருந்து ஓடி வீட்டுப் பேஸைத் தொட்டால் ஒரு ரன். மூன்று பேர் அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடியும். அதுவரை ஒருவர் அவுட்.

ரஃபாயெல் எறிந்தார். அடித்த பந்து செங்குத்தாக எழும்பி, யாருக்கும் எட்டாத இடமாகப் பார்த்து இறங்கியது. பிருந்தன் பின்னாலிருந்து ஓடிவந்து, உடம்பைக் கிடத்திப் பாய்ந்து, புல்லுக்கு ஒரு சாண் மேலே அதைப் பிடித்தான். அப்படி ஒரு கேட்சை நான் சேப்பாக்கத்தில்கூடப் பார்த்ததில்லை.

பிடித்தான் என்றதும் நான் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தேன்.

இங்கேதான் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் கேட்ச் பிடித்தால் பந்து செத்தது. அதற்குமேல் ஒன்றும் நடக்காது. பிடித்தவன் சந்தோஷத்தில் பந்தை வானத்துக்கு எறிவான், மற்றவர்கள் ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள், ஸ்கோரர் தலையைக் குனிந்து விக்கெட்டை எழுதுவார். பேஸ்பாலில் அப்படி இல்லை. பந்து உயிரோடுதான் இருக்கிறது. கேட்ச் பிடித்த கணத்திலிருந்து பேஸில் நிற்பவர் ஓடலாம். இதை நான் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பிருந்தனும் ஆறு வருடமாக ஆடுகிறான். ஆனால் தொட்டில் பழக்கம் என்று சும்மாவா சொன்னார்கள்?

எழுதிக்கொண்டிருக்கும்போது பின்வரிசையிலிருந்து கலாதேவி அக்காவின் குரல்: “ஐயோ, பிழைச்சுப் போச்சு!”

எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்துத் தமிழில் பிழைத்தது என்றால் உயிர் தப்பியது. அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்தேன். டுசல்டோர்ஃப்காரர் வீட்டுப் பேஸில் குதித்துக்கொண்டிருந்தார். அவர் அணி முழுவதும் அவர்மேல் விழுந்துகொண்டிருந்தது. தூரத்தில் பிருந்தன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, யார் வீட்டுக்கோ வழி தவறி வந்தவனைப் போல நின்றான். யாழ்ப்பாணத் தமிழில் பிழைத்துப் போனது என்றால் தப்பாகிப் போனது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பக்கத்தில் இருந்த ஒலிபெருக்கி அறிவிப்பாளரிடம் என்ன ஆயிற்று என்று மெதுவாகக் கேட்டேன். “மேலே எறிந்துவிட்டான்” என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அவர் மைக் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குமேல் கேட்க எனக்கு வெட்கம். ஸ்கோரர் பார்க்கவில்லை என்று யாரிடம் சொல்வது?

எங்கள் முறையில் மூன்று பேரும் வரிசையாக அவுட். ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை போனது. மேலே எறிந்தது புத்திப் பிசகு, கைப்பிசகு இல்லை. எனவே பிழை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு ரன் ரஃபாயெல் கணக்கில் ஏறியது. அவருடைய சராசரி 2.48லிருந்து 2.57 ஆனது. கூட்டல் வகுத்தலை இரண்டு தடவை சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

ஒளிபரப்பைப் பிறகு போட்டுப் பார்த்தேன். கேட்ச் பிடித்ததும் காமிரா ரஃபாயெலின் முகத்துக்குத் தாவிவிட்டது. கை இரண்டையும் தூக்கிச் சிரிக்கிறார். நடு மைதானத்தையே பார்க்கிறார். பிறகு அந்தச் சிரிப்பு அப்படியே நிற்கிறது, எடுத்து வைக்க இடம் தெரியாததுபோல. பிருந்தன் கையில் என்ன நடந்தது என்பதற்கு அந்த முகம்தான் பதிவு. வேறு கிடையாது. நடுவர்கள் ஓடியவரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர்களில் இரண்டு பேரிடம் விசாரித்ததில் ஒருவர் பந்து கீழே விழுந்தது என்றார், இன்னொருவர் விழவே இல்லை என்றார்.

ஸ்கோரர் தன் தீர்ப்பை மாற்ற வேண்டுமானால் மறுநாள் நண்பகல் பன்னிரண்டு மணிவரை அவகாசம் உண்டு. திங்கட்கிழமை நான் வீட்டிலிருந்து வேலை செய்தேன். பத்து மணி வாக்கில் அழைப்பு மணி அடித்தது. பிருந்தன்.

“வாப்பா. சாப்பிட்டியா?”

“ஓம் அக்கா.” பொய் என்று முகமே சொன்னது. சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். “அக்கா, என்ரை பேரிலை பிழை எழுதுங்கோ.”

இத்தனை வருடத்தில் எத்தனையோ பேர் என்னிடம் வந்திருக்கிறார்கள். பிழையை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள், திட்டியிருக்கிறார்கள். ஒரு பயிற்சியாளர் அழவே செய்தார். எழுதச் சொல்லிக் கேட்டு வந்தவன் இவன் ஒருவன்தான்.

“ரூல் அப்படி இல்லப்பா. கேட்ச் நீ சரியாத்தான் பிடிச்ச. மேல தூக்கிப் போட்டது மறதி. மறதிக்கு எரர் கொடுக்க முடியாது.”

“மறதி மட்டும் இல்லை. கீழை வரேக்கை கையாலை தவறி விழுந்திட்டுது. நான் பொறுக்கி எடுக்கிறதுக்கிடையிலை அவன் ஓடிட்டான். விழாட்டி எறிஞ்சு மறிச்சிருப்பன்.”

“விழுந்துச்சா?”

“ஓம். நீங்கள் கண்டனீங்கள்தானே?”

விழுந்திருந்தால் அது கைப்பிசகு. பிழை எழுதலாம். ரன் ரஃபாயெல் கணக்கிலிருந்து இறங்கிவிடும். விழுந்ததா இல்லையா என்று பார்த்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். நான் அப்போது தலையைக் குனிந்து சமர்த்தாக எழுதிக்கொண்டிருந்தேன்.

கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். “எப்படி விழுந்துச்சுன்னு காட்டு.”

“தேசிக்காயாலையோ அக்கா?”

“காட்டு.”

எழுந்து நின்று மேலே எறிந்தான். பழம் விளக்கைத் தொடாமல் போய்த் திரும்பியது. அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கை தானாக நகர்ந்து பழத்தை வாங்கிக்கொண்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி எறிந்தான். மறுபடியும் அந்தக் கை பிடித்துவிட்டது. எத்தனை ஆயிரம் பந்து பிடித்த கை! அதற்கு விடத் தெரியவில்லை. மூன்றாவது தடவை பழம் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்த பிறகு விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். அது தரையில் விழுந்து குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் உருண்டது.

“இப்பிடித்தான் அக்கா விழுந்தது” என்றான், தரையைப் பார்த்தபடி.

என்னைப் பார்த்தால் முட்டாளாகத் தெரிகிறதா என்று நாக்கு நுனிவரை வந்தது. வந்த கோபத்தை அவன்மேல் காட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஒரே கணத்தில் ஒரே தப்பை இரண்டு பேர் செய்தோம். அவன் பந்து செத்தது என்று நினைத்து எறிந்தான்; நான் செத்தது என்று நினைத்துக் குனிந்தேன். அவன் செய்ததை ஊரே பார்த்தது. நான் செய்தது எனக்கு மட்டும் தெரியும்.

“ரஃபாயெல் கேட்டு அனுப்பினாரா?”

“இல்லை. அவருக்குத் தெரியாது. தெரிஞ்சால் எனக்கு அடிதான்.” மண்டியிட்டுப் பழத்தைத் தேடி எடுத்துக் கழுவி மேசையில் வைத்தான். “எங்கடை அம்மா அப்பா அகதி அந்தஸ்துக் கேட்டு அந்த்ராக் எழுதிக் குடுக்கேக்கை ஒரு திகதி பிழைச்சுப் போச்சு அக்கா. ஒரே ஒரு திகதி. எழுதினவன் மாறி எழுதினவன். ஏழு வருசம் இழுபட்டவை. என்ரை பிழைக்கு ரஃபாயெலின்ரை பேரிலை எழுத்து இருக்கு. அந்தப் பிள்ளை இப்பதான் பள்ளிக்கூடம் தொடங்கினது. எனக்கு நித்திரை வருகுதில்லை.”

“எழுதினா உன் ரெக்கார்டு போயிடும். சீசன் முழுக்க ஒரு எரர் இல்லாத ஒரே ஆள் நீதான். அடுத்த வருஷம் உன்னை எடுக்கிறவங்க அதைத்தான் பார்ப்பாங்க.”

“போகட்டும். எழுதுங்கோ.”

அவனை அனுப்பிவிட்டு மடிக்கணினியில் படிவத்தைத் திறந்தேன். மணி பதினொன்று இருபது. எனக்குப் பயமாக இருந்தது. பொய் எழுதப் பயம், எழுதாமல் விடவும் பயம். காரணம் என்ற கட்டத்தில் மூன்று வாக்கியம் எழுதினேன். கேட்ச் பிடித்த பிறகு நடந்ததை நான் பார்க்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். பந்து கையிலிருந்து விழுந்ததாக ஆட்டக்காரரே சொல்கிறார். அவர் சொல்வதை மறுக்க நான் கண்ணால் கண்டது எதுவும் இல்லை, எனவே ஈ-8.

மூன்றும் உண்மை. எலுமிச்சம்பழத்தைப் பற்றி எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பதினொன்று ஐம்பத்து இரண்டுக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து, என் சேவைக்கு நன்றி சொல்லி லீக்கிலிருந்து கடிதம் வந்தது. மைதானத்தைப் பார்க்காத ஸ்கோரர் எதற்கு? நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன். ரஃபாயெலின் ஒப்பந்தம் நீண்டது. அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசியதில் அடுத்த வருடம் டிக்கெட் முன்கூட்டியே விற்றது. பிருந்தனை மட்டும் அணி திரும்ப எடுக்கவில்லை. முக்கியமான நேரத்தில் நம்பக்கூடிய கை வேண்டும் என்றார்களாம். அவன் பிராங்பேர்ட் விமான நிலையத்தில் விமானம் பழுதுபார்க்கும் வேலைக்கு அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியில் சேர்ந்தான். ஸ்கோர் எழுதுவது போனதில் எனக்குச் சோறு குறையவில்லை. அவனுக்கு ஆட்டம் பிழைப்பாக இருந்தது. அதில் என் பேனா மண்ணைப் போட்டது. மூன்று வருடம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நான் யாரோடும் நிம்மதியாகப் பேசவில்லை. வீட்டில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் பிப்ரவரியில் அந்தப் புத்தகம் வந்தது.

லீக்குக்கு ஒரு கடிதம் எழுதினேன், எலுமிச்சம்பழம் உட்பட எல்லாவற்றையும். அனுப்பும் முன் அவனிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதால், ஒரு சனிக்கிழமை பிராங்பேர்ட்டுக்குப் போய், எஸ்-பான் ரயில் பிடித்து விமான நிலையத்தில் இறங்கினேன். இடைவேளையில் மஞ்சள் மேலங்கியோடு வந்தான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். காபி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். புத்தகத்தின் பதினான்காம் பக்கத்தைக் காட்டிவிட்டுக் கடிதத்தை நீட்டினேன்.

ஜெர்மனில் எழுதியதை நிதானமாகப் படித்தான். நடுவில் சிரித்தான். “தேசிக்காயையும் எழுதியிருக்கிறியள்.”

“நடந்ததைத்தானேப்பா எழுதணும்.”

“அண்டைக்கே தெரியும் அக்கா, நீங்கள் கண்டுபிடிச்சிட்டியள் எண்டு. முதல் ரெண்டு தரமும் கை தன்ரை பாட்டிலை பிடிச்சுப் போட்டுது.”

“தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?”

“நீங்கள் ஏன் சொல்லேல்லை?”

பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தது. அவன் கடிதத்தை மடித்தான். “ரஃபாயெல் நிரந்தர விசாவுக்கு அந்த்ராக் போட்டிருக்கிறார். மே மாதம் டெர்மின், ஒஃபிசுக்கு வரச் சொல்லித் திகதி குடுத்திருக்கினம். அந்தக் கொன்ட்ராக்ட்டிலை தொடங்கினதுதான் எல்லாம். இப்ப போய் அது பொய்க் கணக்கெண்டு எழுதினால், ஆர் என்ன கேப்பினம் எண்டு சொல்ல ஏலாது. உங்கடை மனம் ஆறுறதுக்காக அதைக் கிளறாதேங்கோ அக்கா.”

சுருக்கென்றது. அவனுக்காக எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன். இல்லை. எனக்காகத்தான் எழுதியிருந்தேன்.

“உன் பேர் இப்படியே இருந்துடுமே” என்றேன்.

“இருக்கட்டும். மேலை எறிஞ்சது நான்தானே? பிழை என்னதுதான். உங்கடை சட்டத்திலை அதுக்கு எழுத இடமில்லை, அவ்வளவுதான்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுவதற்காக அன்றைக்கு அவன் அம்மா கத்தியதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொன்னேன். “எங்க தமிழ்ல பிழைச்சார்னா உயிர் தப்பிச்சார்னு அர்த்தம். உங்கம்மா தலையில அடிச்சுக்கிறாங்க, நான் சிரிச்சுட்டே நிமிர்றேன்.”

அவன் வாய்விட்டுச் சிரித்தான். “எங்களுக்கு அது கெட்ட சொல்லு. உங்களுக்கு நல்ல சொல்லு.” இடைவேளை முடிந்தது. கடிதத்தை மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டான். “இது என்னட்டை இருக்கட்டும். புத்தகத்தையும் தாங்கோ, அம்மாவுக்குக் காட்டவேணும். ஜெர்மன்காரன்ரை புத்தகத்திலை எங்கடை பேர் வந்திருக்கெண்டு சந்தோசப்படுவா.”

“அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டா?”

“எட்டாம் நம்பர் எண்டு சொல்லுவன்.”

மே மாதம் இருபதாம் தேதி, அலுவலகத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே அவன் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. வெளியே வந்து எடுத்தேன். பின்னால் விமானச் சத்தம்.

“அக்கா, ரஃபாயெலுக்குக் கடிதம் வந்திட்டுது. ஆள் பிழைச்சிட்டார்.”

மூன்று வருடமாக அவர்கள் பக்கத்துப் பொருளிலேயே அந்தச் சொல்லை நினைத்து நினைத்துப் பழகியிருந்தேன். “ஐயோ, என்னப்பா ஆச்சு? ரிஜெக்ட் பண்ணிட்டாங்களா?”

“இல்லை அக்கா” என்றான். “உங்கடை தமிழிலை சொன்னனான்.”